ஈறு ஆறுவது ஒன்றும் பெரிய காரியமில்லை

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
14-11-1981

சிரஞ்சீவி மைத்துனன் சுடலைமுத்துவுக்கு அத்தான் செல்லதுரை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா மாயம்மாள், அறுத்துத் தைத்த என் ஈறு மூவரும் சௌக்கியம். சங்கரன்கோவிலில் உன் சௌக்கியத்துக்கு எழுதவும்.

வருகிற 25-ஆம் தேதி புதன்கிழமை இங்கே நம் பல் டாக்டர் நீலகண்டனிடம் உனக்கு ஈறு அறுக்க நாள் குறித்திருக்க, நீ பயந்துபோய் வரமாட்டேன் என்று கார்டு போட்டாயாம், உன் அக்கா அழுகிறாள். ஓணத்துக்கு வந்தபோதே அவர் உன் வாயைப் பார்த்துச் சொல்லிவிட்டார், இப்போது அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் ஆடுகிற நாலு முன்பல்லும் பொங்கலுக்குள் விழுந்துவிடும் என்று. நீ பஸ் கண்டக்டர். பல் இல்லாமல் விசில் ஊதினால் காற்றுதான் வரும், வண்டி நகராது. நான் அறுத்துக்கொண்டு ஒரு மாதம் ஆகிறது. அனுபவஸ்தன் சொல்கிறேன், ஈறு ஆறுவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

மரத்துப்போக ஊசி போடுவார், வலியே தெரியாது. சுரண்டும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்கும், பக்கத்தில் யாரோ வாணலி கழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொள். பிறகு தையல் போட்டு, மேலே கிராம்பு வாசனையுள்ள ரோஸ் நிறப் பசையை அப்பி, ஒரு வாரம் அசைக்காதே, உதட்டைத் தூக்கிப் பார்க்காதே, காரம் கூடாது என்று சொல்லி அனுப்புவார். நான் குறுமிளகுக் கோடவுனில் எடை போடுகிறவன், காரம் என்னை விடுமா? இரண்டாம் நாள் மூட்டை பிரித்தபோது வந்த தும்மலை, தையல் தெறித்துவிடுமோ என்று வாயைப் பொத்தி அடக்கியதில் காது அடைத்து, சாயங்காலம் வரை முதலாளி சொன்னது எதுவும் கேட்கவில்லை, அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. கோடவுன் ஆட்கள் ஒவ்வொருவராகக் காட்டச் சொல்ல, மறுக்க மனமில்லாமல் ஏழு பேருக்கு உதட்டைத் தூக்கிக் காட்டினேன், ஏழாவது ஆள் பார்க்கும்போதே ஒரு தையல் விட்டுப்போனது. நாலாம் நாள், கஞ்சி குடித்துச் சலித்து, உன் அக்கா பார்க்காதபோது ஒரு துண்டு கப்பைக்கிழங்கை வாயில் போட்டேன், பசை அப்படியே பெயர்ந்து கைக்கு வந்தது, அதைப் பார்த்தவள், "அய்யோ, பல்லு ஈறோட கழண்டு வந்திருச்சே, ஆவுடையக்கா, ஓடி வாங்களேன்" என்று கத்த, பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வந்து பார்த்து மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சாயா கொடுத்துத் தெளியவைத்துவிட்டு, பெயர்ந்ததைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் பிரித்துப் பார்த்து, "சேட்டா, இது பல்லல்ல, நான் வச்ச மருந்தாணு. கப்பை தின்னோ?" என்று கேட்டார். புதுசாக அப்பிவிட்டார், அவ்வளவுதான்.

தையல் பிரித்த மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் ஈறின் மேல் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சீழ் வைத்துவிட்டது என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆவுடையம்மாள், "உப்பும் மொளகும் வச்சுத் தேச்சா போயிரும் அண்ணாச்சி" என்றாள். தேய்த்தேன். அன்று நான் போட்ட கூச்சல் படகுத்துறை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். டாக்டர் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "சீழொண்ணும் அல்ல சேட்டா. புதுத் தோலு வருது. வெந்நீரில உப்புப் போட்டுக் கொப்புளிச்சா போதும். அதைத் தொடண்டா." தொடாமல் விட்டேன், அது பாட்டுக்கு வளர்ந்தது. வீக்கம் வற்றியதில் பல் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது, பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, அதுவும் போகப்போகக் குறையுமாம். அறுத்த பக்கத்தில் முந்தாநாள் பல் தேய்த்தேன், பிரஷ்ஷில் ரத்தமே இல்லை. எட்டு வருஷம் கழித்து ரத்தமில்லாத பிரஷ்ஷைப் பார்த்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்று அந்தப் பக்கத்தால் ஒரு முறுக்கே கடித்தேன். இந்தச் சுகம் உனக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தைரியமாகப் புறப்பட்டு வா. அவள் உன்னைப் பல்லும் சொல்லுமாக நூறு வருஷம் வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் அத்தான்,
செல்லதுரை

பின்குறிப்பு: வாயை நாலு பாகமாகப் பிரித்து நாலு தடவையாக அறுப்பதுதான் முறையாம். எனக்கு ஆனது மேலே வலப்பக்கம் மட்டும். அடுத்த பாகத்துக்கு டாக்டர் என்னையும் அதே புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் செவ்வாய்க்கிழமையே கிளம்பி உன் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்குவதாக இருக்கிறேன். உன் அக்காவிடம் கோடவுன் வேலையாகத் தூத்துக்குடி போவதாகச் சொல்லியிருக்கிறேன், இங்கே வந்து உளறிவிடாதே. புறப்படும்போது சாவியை மறக்காமல் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வா.