சிரிக்காத கரடி

“என்ன செஞ்சாலும் இந்தக் கரடி சிரிக்க மாட்டேங்குதே!” டிசைனர் சலித்துப்போய் மவுஸைத் தள்ளிவைத்தார்.

டி.வி. கார்ட்டூனில் அந்தக் கரடிக்கு எப்போதும் வாய்கொள்ளாத சிரிப்பு. அதைக் குழந்தைகள் கோத்து விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன பொம்மையாக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டரில், அதற்கான சாஃப்ட்வேரில், ஒவ்வொரு கட்டையாக அடுக்கிப் பார்ப்பது டிசைனரின் வேலை. கட்டையோ சதுரம், சிரிப்போ வளைவு. எப்படி வைத்தாலும் வாயின் இரண்டு ஓரமும் தொங்கி, துக்கம் கேட்க வந்தது போல் கரடி உட்கார்ந்திருந்தது.

பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், இது யாரு மாதிரி இருக்குன்னு தெரியுதா?”

“யாரு மாதிரி?”

“ஐயோ, என் வாயால சொல்ல மாட்டேன். நல்லா பாருங்க, உங்களுக்கே தெரியும்.”

பார்த்தார். தொங்கிய கன்னம். சுருங்கிய புருவம். உலகத்தில் எதுவுமே உருப்படாது என்கிற பார்வை. எதிரே கண்ணாடி அறைக்குள் மேனேஜர் போனில் யாரிடமோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மேனேஜரேதான்!

போன வருஷம் ஆபீஸ் விழாவில் ஒருவர் மேனேஜர் மாதிரி நடந்து காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறு வாரம் அவர் சீட் காலி. இந்த வயதில் வேலை போனால் தன்னை யார் சீந்துவார்கள் என்று டிசைனருக்குத் தெரியும்.

அவசர அவசரமாகப் புருவத்தைத் தூக்கினார். “இன்னும் முடியலையா?” என்று மேனேஜர் கேட்பது போல் ஆயிற்று. தொப்பையைக் குறைத்தார். ‘பொம்மை நிற்காது’ என்று சாஃப்ட்வேர் சிவப்பில் எச்சரித்தது. நிற்பதற்காக முதுகில் நாலு கட்டை சேர்த்தார். கரடிக்குக் கூன் விழுந்து, தலை கவிழ்ந்துகொண்டது. தொப்பி வைத்தார். வழுக்கையை மறைக்கிற மேனேஜர்!

வீட்டில் மனைவியிடம் செல்போனில் படத்தைக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“பாவமா இருக்குங்க.”

“பாவமா? அந்த ஆளோட ஒரு நாள் குப்பை கொட்டிப் பாரு, அப்ப தெரியும்!”

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் கெடு. வேறு வழியில்லாமல் கரடியை மேனேஜருக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் மேனேஜரே எழுந்து அவர் சீட்டுக்கு வந்தார். தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளைத் தொட்டதே இல்லை.

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம் சார்.”

“உங்களுக்கு? ராத்திரி தூக்கம் வருதா? ஒரு வாரம் லீவு வேணும்னா எடுத்துக்கோங்க.”

தங்கை கல்யாணத்துக்கே அரை நாள் லீவு தராத மனுஷன்! டிசைனருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெட்டுவதற்கு முன் தடவிக் கொடுக்கிறார்.

“போச்சு, என் சீட்டுக்கு வேட்டு வெச்சுட்டாரு” என்றார் பக்கத்து சீட் பெண்ணிடம்.

“அப்படியெல்லாம் இருக்காது சார். நீங்களே போய் மனசு விட்டுப் பேசிடுங்களேன். எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுக்கிட்டா எப்படி?”

அதுவும் சரிதான், காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கண்ணாடிக் கதவைத் தள்ளினார். உள்ளே மேனேஜருக்கு நேர் எதிரே, கார்ட்டூன் கம்பெனியிலிருந்து முதல்முறையாக வந்திருந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் கரடியின் படம். இவரைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். கடைசி நேரத்திலாவது ஒருத்தர் மரியாதை கொடுக்கிறாரே என்று டிசைனர் கைகூப்பினார்.

“சார், என்னை மன்னிச்சிடுங்க! வேணும்னு செய்யலை. எப்படி மாத்தினாலும் கரடிக்கு உங்க முகம்தான் வருது. எனக்குக் குடும்பம் இருக்கு சார்.”

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். “என் முகமா? என்னய்யா சொல்றீரு?”

கார்ட்டூன் கம்பெனி அம்மாள் படத்தைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், கடைசியாக டிசைனரைப் பார்த்தாள்.

“இவரு முகமா? கதவு திறந்ததும் கரடியே நேர்ல வந்து நிக்குதேன்னுல்ல நான் பதறி எழுந்தேன்!”