பிஸ்கட் டப்பாவும் கோழி மருந்தும்

எனக்கு எழுபத்திநாலு வயது. பெற்றது ஐந்து, என் தங்கை கண்ணை மூடியபோது விட்டுப்போனது ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அத்தனை பேரை வளர்த்தவளுக்கு ஒரு வியாதி வந்துவிடும். வீட்டிலிருக்கும் எந்தச் சாமானையும் யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம், எங்கும் வைக்கலாம் என்று தோன்றும். அந்த வியாதியோடுதான் போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வேதக்கோயிலுக்குப் போனேன்.

என் பேத்தி ஜெசி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்க அவளுக்கு ஆசை. ஆனால் கிட்டார் பழசு. ஆர்கன் முழங்கும்போது அவள் தந்தியைத் தட்டுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு வராது. கொயர் மாஸ்டர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவளிடம் சொல்லிவிட்டார்: "மக்களே, பண்டிகைப் பாட்டுக்கு வாசிச்சுப் பாரு. அன்னைக்கும் கேக்கலன்னா கிட்டாரு வீட்டுல இருக்கட்டும்."

அவள் நாகர்கோவிலுக்குப் போய்ச் சின்னச் சின்னச் சாமான்கள் வாங்கி வந்தாள். மூன்று கால் வைத்த கறுப்புப் பொட்டு ஒன்று, அதன் பெயர் ட்ரான்சிஸ்டர். உடம்பில் கலர்க் கோடு போட்ட நாலைந்து ரெசிஸ்டர். மாத்திரை மாதிரி கப்பாசிட்டர். ஒரு பேட்டரி. எல்லாவற்றையும் உள்ளங்கை அளவு அட்டையில் வைத்து ஈயம் உருக்கி ஒட்டினால் அது ப்ரீ-ஆம்ப் ஆகுமாம். கிட்டாரின் மெலிந்த சத்தத்தை வாங்கி, தூக்கி விட்டு, ஸ்பீக்கருக்கு அனுப்புமாம். ஈயம் வைக்கும்போது அவள் கை நடுங்கியது. என் கை நடுங்காது (கல்யாணத்துக்கு முன்னால் தோவாளையில் பூக்கட்டின கை). "குடுட்டி" என்று வாங்கி இரண்டு இடத்தில் நான்தான் வைத்தேன். அதைத் தெருவில் நாலு வீட்டில் சொல்லவும் செய்தேன். நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடம் என்பது எல்லா இடமும் ஆகிவிட்டது.

அட்டையை அவள் என் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். மூத்தவன் துபாயிலிருந்து கொண்டுவந்த தகர டப்பா. அட்டையிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்து டப்பாவின் உட்புறத்தில் ஒட்டினாள். எனக்கு மனசே ஆறவில்லை. வருஷா வருஷம் நான் சுடும் முந்திரிக்கொத்துப் பலகாரம் அந்த டப்பாவில்தான் காணிக்கையாகப் பண்டிகை ஏலத்துக்குப் போகும்.

பண்டிகையன்று காலையில் ஜெசி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். "ஆச்சி, வரும்போ டப்பாவப் பத்திரமா கொண்டு வாருங்க." நான் யோசித்தேன். இத்தனூண்டு அட்டைக்கு இவ்வளவு பெரிய டப்பாவா? ரோஸ் கலர் பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்று புதிதாக இருந்தது. அட்டையை அதற்கு மாற்றினேன். பச்சை வயர் மட்டும் வர மறுத்தது. எங்கும் போகாமல் சும்மா தகரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இது வேலையில்லாத வயர் என்று முடிவு செய்து பாக்குவெட்டியால் வெட்டினேன். தகர டப்பாவில் முந்திரிக்கொத்தை அடுக்கினேன்.

கோயிலில் மணி அடித்துவிட்டது. நான் துணியில் சுற்றிக் கொடுத்த டப்பாவை அவிழ்த்துப் பார்க்க ஜெசிக்கு நேரமில்லை. வெளியே நீண்டிருந்த வயர்களைக் கிட்டாரிலும் ஸ்பீக்கரிலும் மாட்டினாள். போதகர், "அமைதியாயிருந்து ஆண்டவர் பேசுவதைக் கேட்போம்" என்றார். எல்லோரும் தலைகுனிந்தோம்.

ஸ்பீக்கர் முதலில் முனகியது. பிறகு ஒரு ஆள் மலையாளத்தில் பேசினார். "கோழிகள்க்கு விரமருந்து வெறும் வயற்றில் கொடுக்கணம்."

கோழிக்குப் பூச்சி மருந்தை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் யாருக்கு மலையாளம் புரியாது? முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "ஆமென்" என்றார்.

ஜெசி வயரைப் பிடுங்கினாள். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தாள்.

"ஆச்சி, தகர டப்பா எங்க?"

"இதுக்கென்னட்டி கொறை? புது டப்பால்லா."

"தகரந்தான் ஆச்சி ரேடியோவ உள்ள விடாம தடுக்கும். அந்தப் பச்ச வயரு எங்க?"

"வெட்டிப் போட்டேன்."

அவள் திட்டவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. "பிரசங்கம் முடிஞ்சா பாட்டு. நான் வாசிக்கல ஆச்சி."

எழுந்தேன். நடுப்பாதை வழியாக ஏல மேசைக்கு நடந்தேன். அங்கே வைத்திருந்த என் தகர டப்பாவைத் திறந்து முந்திரிக்கொத்தை மடியில் கொட்டினேன். ஒன்று உருண்டு போதகரின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்ததால் ஏதாவது சொல்ல வேண்டியதாயிற்று.

"கோழிக்காரர் மேல தப்பில்ல. எம் பேத்தி மேலயும் தப்பில்ல. வயர வெட்டுனது நானாக்கும்."

பிரசங்கம் நடந்த நேரமெல்லாம் நாங்கள் இருவரும் பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். வெட்டுப்பட்ட வயரின் இரண்டு முனையையும் நான் பல்லால் உரித்துக் கொடுத்தேன் (எல்லாம் என் சொந்தப் பல்). அவள் முறுக்கிச் சேர்த்தாள். முந்திரிக்கொத்துத் தூளோடு டப்பாவை மூடினோம்.

பாட்டு தொடங்கியது. ஆர்கனுக்கு மேலே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. கோழிக்காரர் வரவில்லை. முடிந்ததும் கொயர் மாஸ்டர் வந்து, "அடுத்த வாரமும் வா மக்களே. ஆச்சிய மட்டும் பெஞ்சுல கட்டிப் போட்டுட்டு வா" என்றார்.

டப்பா எனக்குத் திரும்பி வரவில்லை. முந்திரிக்கொத்து இப்போது ரோஸ் டப்பாவில் நமுத்துப் போகிறது. சுகர் மாத்திரை போட்டீர்களா என்று போனில் கேட்கும் ஆறு பேரும், "வெறும் வயித்துலதான?" என்று சேர்த்துக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் வைத்த இரண்டு ஈயமும் இன்றுவரை விடவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்துக் கூட்டி எழுதியது இது. ஏட்டி ஜெசி, இங்க வா. இத ஒருக்கா வாசிச்சுக் காட்டு. கோழி வார எடத்துல சிரிக்காம வாசி.