சாட்சிக் கண்ணாடி

இந்தக் கல்வீட்டிலிருந்து என்னைக் கிளப்ப வேண்டுமென்றால் நாலு பேர் தூக்கித்தான் கிளப்ப வேண்டும் என்று ஐம்பத்து நாலாவது வயதில் சபதம் செய்தேன்.

"மூணு பேர் போதும். இளைச்சுட்டீங்க," என்றாள் மனைவி.

படியேறி ஏறி அவளுக்கு முழங்கால் போய்விட்டது. மகள் வீட்டருகே தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் போதும் என்கிறாள். எனக்கோ இது கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. ஒரு முழம் தடித்த சுவர். அப்பா காலத்தில் கல் இடுக்கையெல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். சிமெண்ட் இருந்தால் கல் மூச்சு விடாது, ஈரம் உள்ளேயே தங்கி அரிக்கும். அதனால் விடுமுறைகளில் நானே உளி பிடித்துச் சுரண்டினேன். கொத்தனார் பின்னாலேயே சுண்ணாம்புக் கலவை அடைத்தார். "கொஞ்சம் சுரண்டுங்க, நான் அடைச்சதும் அடுத்ததுக்குப் போங்க," என்று சொல்லியிருந்தார். அவர் வராத ஒருநாள் ஆசையில் முழுச் சுவரையும் சுரண்டிவிட்டேன். மறுவாரம் சாப்பாட்டறைச் சுவரில் மேலிருந்து கீழே விரிசல்.

"கல்லு மூச்சு விடணும்னீங்க. பெருமூச்சே விட்டிருச்சு," என்றாள்.

கொத்தனார் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனையையும் கலவையால் ஒட்டி, தேதி கீறினார்.

"இதுதான் சார் சாட்சிக் கண்ணாடி. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைஞ்சிடும். மூணு மாசம் உடையலைன்னா பயமில்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். "உடைஞ்சா அன்னைக்கே கிளம்பறோம். சம்மதமா?"

"உடையலைன்னா?"

"வீடு நிக்கும்."

சம்மதித்தேன்.

நான் இருபத்தெட்டு வருடமாக நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவன். சாட்சிகளை நம்பி யாரும் உருப்பட்டதில்லை. அன்று மாலை அவள் மகளோடு போனில் இருக்கையில் கண்ணாடியைப் பெயர்த்தேன். கண்ணாடி மாதிரியே தெரியும் மகளின் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை அறுத்து, எண்களைத் தேய்த்து அழித்து, தேதி கீறி, அங்கே ஒட்டினேன். வளையும், உடையாது. பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. பொய்ச்சாட்சியின் முகத்தைப் பார்க்கும் துணிவு எந்தக் கட்சிக்காரனுக்கு உண்டு?

அப்புறம்தான் பயம் பிடித்தது. சுவர் நகர்ந்தால் இனிச் சொல்ல ஆளில்லை. ஜன்னலோரம் வெளிச்சம் என்று சாக்குச் சொல்லி அவளை அங்கே உட்கார்த்திவிட்டு, சுவரோரம் அந்தத் துண்டுக்கு முதுகு காட்டி நான் சாப்பிட்டேன். தட்டில் சுண்ணாம்புத் தூள் உதிரும். அதையும் சேர்த்துப் பிசைந்து தின்றேன். ஒரு சுவருக்காக மனைவியைப் பணயம் வைத்தவன் என்ன மனுஷன்? மூன்று மாதம், வேளை தவறாமல் இதைக் கேட்டுக்கொண்டேன்.

கொத்தனார் வந்தார். துண்டை நகத்தால் தட்டினார். 'ணிங்' என்றது.

பிளாஸ்டிக் 'ணிங்' என்னாது.

"உடையலைம்மா. இனி பயமில்லை," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"இது... கண்ணாடியா?" என்றேன்.

"பின்னே? நீங்க ஒட்டினதை அன்னைக்கே பார்த்துட்டேன். எந்த ஊர்க் கண்ணாடியிலங்க பதினொண்ணுன்னு நம்பர் இருக்கும்? ஒண்ணை அழிக்காம விட்டுட்டீங்க. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு மாத்திட்டேன்."

"மூணு மாசமா சொல்லவே இல்லையே."

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சுண்ணாம்பு திங்கத்தான் வாயைத் திறந்தீங்க. சுவரோரம் நீங்க உட்கார்ந்தீங்களே, அதுக்காகத்தான் சண்டை போடலை."

தலை குனிந்தேன். ஆனாலும் உள்ளே ஒரு நிம்மதி. சுவர் நல்ல சுவர். என்னை மீறி நேர்மையாக ஜெயித்திருக்கிறேன்.

"சரி. அப்ப இங்கேயே இருக்கோம்."

"வீடு நிக்கும்னுதானே சொன்னேன்? நாம நிக்கறதா எப்ப சொன்னேன்? வாங்கறவங்க இந்தச் சாட்சிக்குத்தான் காத்திருந்தாங்க. விழற வீட்டை யாருங்க வாங்குவா?"

பொய்ச்சாட்சி வைத்தவனுக்கு மேல்முறையீடு ஏது?

போன வாரம் சாமான் தூக்க வண்டியோடு ஆட்கள் வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்.