நாற்பத்தெட்டாயிரத்தில் பேசிய மாப்பிள்ளை

துடியலூர்
14.9.98

மரியாதைக்குரிய பாவா வெங்கடபதி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் லட்சுமணசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு பத்மாவதி, பிந்து, நான், கறவை மாடு அனைவரும் சௌக்கியம். காரமடையில் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? ரங்கநாதர் கிருபையில் சீக்கிரம் குணமாக வேண்டும். நல்ல விஷயம் இத்துடன் முடிந்தது.

நீங்கள் கொண்டுவந்த பெங்களூர் மாப்பிள்ளை சசிதர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பையன் வாயைத் திறந்து சொன்னது 'காபி நல்லா இருக்குங்க' ஒன்றுதான், மீதியெல்லாம் அவன் அப்பாவே பேசினார். பையனும் பெண்ணும் ரெண்டு வார்த்தை பேசட்டுமே என்று நீங்கள் சொன்னீர்கள், நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று நான் தடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் நம் மில் ஃபிட்டர் மயில்சாமி, ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டே, "ஏனுங்க, அந்தப் பையனுக்குத் திக்குவாய்னு பேசிக்கறாங்களே, விசாரிச்சீங்களா?" என்று கேட்டுப்போட்டார். அப்புறம் எனக்குப் பாயசம் இறங்குமா? பிந்து ஒரே பெண், வாழப்போகிறவள் அவள். அதனால்தான் பையனின் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லி உங்களை நச்சரித்தேன். கேசட் வரும் என்று பார்த்தால் சி.டி. வந்தது. கேசட்டில் பேச முடியாத அப்படி என்ன பேச்சு? அங்கேயே எனக்கு உறைத்தது.

நம் வீட்டு டேப்பில் சி.டி. போகாது. பிந்து கம்ப்யூட்டர் படிக்கிறாளே, எஸ்.டி.டி. போன் பூத்துக்கு மேல் மாடியில், அங்கே வாத்தியார் ஜெரோம். சர்ச் பாட்டுகளை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பதிகிறவர். (ஆறு மணிக்கு வகுப்பு முடிந்தாலும் பிராக்டிகல் என்று பிந்து ஏழுக்குத்தான் வருகிறாள், படிப்பில் அவ்வளவு அக்கறை.) குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். சி.டி.யைப் போட்டதும் கம்ப்யூட்டர் எத்தனை வேகம் என்று கேட்டதாம். குரலை நொடிக்கு இத்தனை ஆயிரம் துண்டாக எடுத்து வைக்கிறார்களாம், எடுத்த வேகத்திலேயே திருப்பி ஓட்டினால்தான் அது அந்த ஆளின் குரலாக இருக்குமாம். எந்த வேகத்தில் எடுத்தான் என்று பையன் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? ஜெரோம் முதலில் முப்பத்திரண்டாயிரம் வைத்தார். பாவா, சொல்லவே கூசுகிறது, சாராயக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவன் மாதிரி 'எ...ன்... பே...ரு...' என்று இழுக்கிறது. திக்குவாய்க்குப் பயந்து வந்தால் குடிகாரன் வாய்த்திருக்கிறான் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டேன். ஜெரோம் என்னை உட்காரவைத்து நாற்பத்து நாலாயிரத்து நூறு வைத்தார். பாட்டு சி.டி. எல்லாம் இந்த வேகம்தான், இதுதான் சரி என்றார். மனுஷக் குரலாகத்தான் வந்தது, கொஞ்சம் தடித்த குரல், ஆற அமரப் பேசுகிறது. எனக்கும் சரியென்றே பட்டது. ஆனால் பிந்து தலை நிமிராமல், "இல்லீங்க சார், நாப்பத்தெட்டாயிரம் வைங்க" என்றாள். வைத்தார். குரல் கொஞ்சம் மெலிந்து சுறுசுறுப்பாக வந்தது. இதுதான் என்றாள். ஜெரோம் அசந்துவிட்டார். இந்த ரெண்டுக்கும் நூல் அளவுதான் வித்தியாசம், ஆளோடு பேசிப் பழகியவர்களுக்குத்தான் பிடிபடும் என்றார். பாருங்கள், மூன்று மாதப் படிப்பில் வாத்தியாரையே மிஞ்சிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கேட்டவரை பையன் திக்கவில்லை. திக்காததே எனக்கு உதைத்தது. உங்களுக்கும் போட்டுக் காட்டலாமென்று பாட்டு சி.டி.யாக மாற்றித் தரச் சொன்னேன். அதற்கு நாற்பத்தெட்டாயிரத்தை நாற்பத்து நாலாயிரத்து நூறாக்க வேண்டுமாம். ஆக்கினார். அதே குரல், அதே வேகம். அப்படியானால் நொடிக்கு நொடி குறைந்த கிட்டத்தட்ட நாலாயிரம் துண்டு எங்கே போச்சு? ஜெரோம் காகிதத்தில் ஒரு வளைவு போட்டு, எதுவும் போகவில்லை, அதே வளைவில் புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுக்கிறோம் என்றார். நான் மில்லில் நூல் எடை போட்டவன், என்னிடமா? நாற்பத்தெட்டு கிலோ உள்ளே போய் நாற்பத்து நாலு வெளியே வந்தால் மீதி யார் வீட்டுக்குப் போனது என்று கேட்காமல் விடுவேனா? திக்கின இடத்தையெல்லாம் அந்த நாலாயிரத்தில் தள்ளிவிட்டிருந்தால்? ஊரெல்லாம் வைக்கிற வேகத்தை விட்டுப் பையன் கூடுதலாக வைத்ததே கழிக்கிறதுக்குத்தான். ஜெரோம் போன மாதம் பெங்களூர் போய்வந்திருக்கிறார் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் கூட்டு.

ஆகவே பாவா, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அவர்களிடம் சொல்லிப்போடுங்கள். பிந்துவிடம் இன்னும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று அவளும் சந்தோஷப்படுவாள்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் தோட்டத்து வாழை எந்தக் காற்றுக்கும் சாயாமல் நிற்க வேண்டிக்கொள்ளும்,

லட்சுமணசாமி

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். பத்மாவதி டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏனுங்க, பேசிப் பழகுனவங்களுக்குத்தான் புடிபடும்னாருங்களே, நம்ம புள்ள எப்பப் பேசுனா?" என்று கேட்டாள். பூத்து, மாடிப்படி, ஏழு மணி எல்லாம் வரிசையாக என் கண் முன் வந்து நின்றன. மாப்பிள்ளை முதல் ஜெரோம் வரை ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டேன், என் வீட்டை விட்டுவிட்டேன். பிந்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதாள், ஆனால் பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் பேசியதை மறைக்கவில்லை. வாயில் வந்தபடி திட்டினேன். திட்டி முடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன்: அந்தப் பையன் திக்குவானா, மாட்டானா?

"எல்லார்கிட்டயும் திக்குவாருங்கப்பா," என்றாள். "எங்கிட்டத் திக்க மாட்டாரு."

மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொண்டு, தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் பாருங்கள். ஜோசியரிடம் நீங்களே போய்விடுங்கள் பாவா. நான் போனால் அவரையும் சந்தேகப்பட்டுத் தொலைப்பேன்.