மெஷினுக்கு விசிறிவிட்ட காலை

ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் படித்தவனை நம்பி எந்தப் பொருளையும் ஒப்படைக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவன்.

எழுபதுகளின் கடைசி. தச்சுவேலையை விட்டுவிட்டு என் மாமா காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் எதிரே கடை போட்டு, போட்டோ காப்பி மெஷின் ஒன்றை இறக்கினார். மதுரையிலிருந்து வந்து அதைப் பொருத்திக் கொடுத்தவர் இரண்டு மணி நேரம் விளக்கினார். நான் எங்கே கேட்டேன்? ஆங்கிலக் கையேட்டைச் சத்தமாக வாசித்து மாமாவை மிரட்டிக்கொண்டிருந்தேன். (பி.எஸ்ஸி. இயற்பியல். வாய் சும்மா இருக்குமா?) அதில் மனதில் நின்றது ஒரே வரி: உள்ளே அதிகம் சூடானால் ஆபத்து.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் வாடிக்கையாளர் வந்தார். அமராவதிபுதூர் விவசாயி; கூடவே மகள் செல்வி. நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ் நகல்களோடு பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து சிவகங்கையில் நேரில் கொடுத்தாக வேண்டும்.

"அழுத்தினா வந்துரும். ரெண்டு நிமிஷம்" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ முனகியது. தொட்டுப் பார்த்தேன்: சூடு! பதறிப்போய் மெஷினின் பக்கக் கதவைத் திறந்து மேஜை விசிறியை முழு வேகத்தில் திருப்பிவிட்டேன். ஆறியதும் கதவை மூடினேன். மறுபடி சிவப்பு, மறுபடி சூடு, மறுபடி விசிறி.

"என்ன தம்பி, மெஷினுக்குக் காய்ச்சலா?" என்ற விவசாயி, தோள் துண்டை எடுத்து அவரும் விசிற ஆரம்பித்தார். மாமா பஞ்சாங்க அட்டையால் விசிறினார். மூன்று ஆண்கள் சுற்றி நின்று ஒரு இயந்திரத்துக்குச் சாமரம் வீசினோம். அது சூடேற உயிரைக் கொடுத்துப் போராடியது, நாங்கள் விட்டால்தானே?

மணி பத்தே முக்கால். செல்வியின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள்தான் கேட்டாள்:

"அண்ணே, இது இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்குமோ? சூடேறுனாத்தான வேல செய்யும்?"

கையேட்டைப் புரட்டினேன். முந்தின பக்கத்திலேயே இருந்தது: மைப்பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை சூடேற வேண்டும், பச்சை விளக்கு வரும்வரை காத்திருக்கவும், கதவைத் திறக்கக் கூடாது.

"அம்புட்டுப் பேரும் தள்ளி நில்லுங்க" என்றார் மாமா. "நீ தெருவுக்கே போ."

தெருவில் நின்றேன். ஏழு நிமிடம். பச்சை! உள்ளே பாய்ந்து, சுடச்சுட ஐந்து நகல்கள் எடுத்தேன். அப்பாவும் மகளும் முன்னால் ஓடி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகச் சான்றிதழையும் நகல்களையும் செல்வி மடியில் போட்டேன்.

"அடுத்த தடவ வந்தா மொதல்லயே சொல்லிருங்க, நாங்களே தாள வீட்டுலயே சூடாக்கிட்டு வாறோம்" என்றார் விவசாயி, சிரிக்காமல்.

செல்விக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததுதான் பெரிய பட்டம்: எதையும் சூடேற விடாதவன். பல வருடம் கழித்து நான் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அடுப்பில் பால், சொந்தபந்தம் சுற்றி நிற்கிறது. நான் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், மாமா என் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாப்ள, நீ இங்குட்டே நில்லு. பால் பொங்கட்டும்."

என் சொந்த வீட்டில் பால் பொங்கியதை நான் இன்றுவரை பார்த்ததில்லை.