வாய்தா மிராசும் பிரதிவாதியும் பட்டணம் போன கதை

கோர்ட்டுக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பிய மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் பெயர் பத்திரங்களில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் வாய்தா மிராசு. தீர்ப்பு என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். வழக்கு தள்ளிப்போனால் பசி வரும்.

நான் அப்போது மாயவரத்தில் அவருடைய வக்கீலிடம் குமாஸ்தா. வழக்குக் கட்டைச் சென்னை ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. மிராசு தன் குத்தகைதாரர் கலியமூர்த்தியை வெளியேற்றக் கேட்டிருந்தார். உழுகிறவன் நான், சட்டம் என் பக்கம் என்று கலியமூர்த்தி நின்றார். ஆட்சி மாறி, குத்தகைச் சட்டங்கள் வந்து, ஊருக்கு ஊர் கொடி ஏறியிருந்த காலம். ஊரில் இருவரும் பேசிக்கொண்டால் மிராசை மற்ற மிராசுகள் தள்ளிவைப்பார்கள். கலியமூர்த்தியை விவசாயிகள் சங்கத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

ஆகவே குத்தாலத்தில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறுவார்கள். மாயவரத்தில் நான் மிராசின் பெட்டியில் ஏறியதும், பின்னாலேயே கலியமூர்த்தியும் எங்கள் பெட்டிக்கு வந்துவிடுவார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

மிராசு புளிச்சோற்றைப் பிரிப்பார். கலியமூர்த்தி வடைப் பொட்டலத்தை அவிழ்ப்பார்.

"வடை மெத்துன்னு இருக்குய்யா."

"நம்ம நெலத்து உளுந்துங்க."

"யார் நெலம்?"

"அதைத்தான் ஐயா கோர்ட்டு சொல்லணும்."

கோர்ட்டு சொல்லாது. பெயரைக் கூப்பிட்டு, அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிடும். அதன்பின் ராத்திரி ரயில்வரை பட்டணம் எங்களுடையது. காற்றும் வேடிக்கையும் இங்கே இனாம், அனுபவிக்கத் தெரியாதவன்தான் காசு கொடுக்கிறான் என்பது மிராசின் கொள்கை. துறைமுகத்துக் கப்பல்களைப் பார்ப்போம். 'செத்த காலேஜ்' என்று பட்டணத்தார் சொல்லும் மியூசியத்தில், திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்று ஒவ்வொரு தடவையும் மிராசு கேட்பார்: "இதுக்கு ஒரு வேளை சோறு போட எத்தனை கலம் நெல்லு வேணும்?"

மவுண்ட் ரோடில் ஒரு சோபாக் கடை. மின்விசிறிக்கு நேர் கீழே மிராசு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கலியமூர்த்தி நின்றார்.

"உக்காருய்யா."

"வேணாங்க."

"இது என்ன என் வீடா? கடைக்காரன் சோபா. உக்காரு."

முதலில் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்த கலியமூர்த்தி, ஐந்தே நிமிஷத்தில் குறட்டை விட்டார். கடைச் சிப்பந்தி வந்து, "அண்ணன் தம்பிக்கு எது பிடிச்சிருக்கு?" என்றார்.

"நாங்க வாதி, பிரதிவாதிங்க. ஜெயிக்கிறவர் வாங்குவார்" என்றார் மிராசு.

கடைசியில் ஒரு நாள் நீதிபதி தீர்ப்போடு வந்துவிட்டார். மிராசுக்கு வியர்த்தது. "குமாஸ்தா, எப்படியாவது ஒரு வாய்தா வாங்கிடுங்க!" தூணுக்கு அந்தப்புறமிருந்து கலியமூர்த்தி எட்டிப்பார்த்தார். "எங்க வக்கீலுக்கு ஜுரம்னு சொல்லட்டுங்களா?" அந்த வக்கீல் எதிரிலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கலியமூர்த்தி ஜெயித்துவிட்டார். வெளியே வந்ததும் தோற்றவர் ஜெயித்தவரைத் தேற்றினார்.

"இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே?"

"அது கெடக்கட்டுங்க. இனிமே எதைச் சொல்லி ஒண்ணா பட்டணம் வர்றது?" கொஞ்சம் யோசித்தார். "ஐயா, உங்க வயல் வரப்பை ரெண்டு முழம் வெட்டிடுறேன். ஒரு கேஸ் போடுங்களேன்."

"வரப்பு கேஸெல்லாம் மாயவரத்தைத் தாண்டாதுய்யா" என்றார் மிராசு, வருத்தமாக.

மறுவருஷம் வேறொரு வழக்குக்காகச் சென்னை போனேன். ரயிலுக்கு நேரமிருந்ததால் மிருகக்காட்சிசாலைக்குள் நுழைந்தேன். குரங்குக் கூண்டின் முன்னால் இருவரும் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன கேஸுங்க?" என்றேன்.

மிராசு அக்கம்பக்கம் பார்த்தார். "கேஸ் ஏது? அப்பீல்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்."

"நானும் சங்கத்துல அதைத்தாங்க சொன்னேன்" என்றார் கலியமூர்த்தி. "மாட்டிவிட்டுடாதீங்க."

தேதியும் நம்பரும் பிசகாமல் எழுதிவைத்துப் பழகியவன் நான். இல்லாத வழக்கை இருக்கிறதென்று சொல்ல நாக்கு வராது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் மாயவரம் கடைத்தெருவில் என்னை நிறுத்தி விசாரித்தபோதெல்லாம், அப்பீல் நடக்கிறது, இப்போதைக்கு முடியாது என்றே சொல்லிவந்தேன்.