சாமிக் கதிரைக்கு ஓர் ஆதாரம்

"அப்பா, அந்தக் கதிரையிலை ஏன் ஒருத்தரும் இருக்கிறேல்லை?"

ஏழு வயதில் நிருபா கேட்ட கேள்வி அது. பாரிஸ் நகரின் லா சப்பலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் இராஜதுரை, கல்லாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காராமல் சும்மா நின்ற மரக்கதிரையைப் பார்த்துவிட்டு, "அது சாமிக்கு, பிள்ளை" என்றார்.

அவள் நம்பினாள். அதனால்தான் வளர்ந்து பல்கலைக்கழகம் போனபோது, புலம்பெயர்ந்த தமிழரின் வழக்கங்கள் பற்றிய தன் முதுகலை ஆய்வேட்டில் அந்தக் கதிரைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினாள்.

பேராசிரியை அதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பினார். "'என் அப்பா சொன்னார்' என்பது ஆதாரமாகாது. ஆய்விதழில் வந்த கட்டுரை வேண்டும். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் இந்த ஆண்டு நீங்கள் தேற முடியாது."

நிருபா பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளத்தில் 'வெறும் கதிரை' என்று தேடினாள். கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டின. பெரும்பாலானவை மனநல மருத்துவர்கள் எழுதியவை. நோயாளியை வெறும் கதிரையோடு பேச வைக்கும் சிகிச்சையாம். 'தமிழர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஒன்றுமே இல்லை. இனி அந்தச் சிகிச்சை தனக்கே தேவைப்படும் போலிருந்தது.

நூலகர் ஜிஸ்லேன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"தேடலைக் குறுக்காதே, அகட்டு. 'இருக்கை', 'சடங்கு', 'புலம்பெயர்ந்தோர்' என்று போடு."

ஒரு கட்டுரை வந்தது. அந்தக் கதிரை முன்னோருக்கானது என்றது. நிருபா தன் அத்தியாயத்தில் சாமியை எழுப்பிவிட்டு முன்னோரை இருத்தினாள். அடுத்த கட்டுரை, அது எதிர்பாராத விருந்தாளிக்கானது என்றது. முன்னோரை எழுப்பிவிட்டு விருந்தாளியை இருத்தினாள். 'லா சப்பலின் பல கடைகளில் இந்த வழக்கத்தைக் காணலாம்' என்றும் அதில் இருந்தது.

போய்ப் பார்த்தாள். உண்மைதான். எதிர்க்கடைக் கத்தோலிக்கர் இராயப்புவும் ஒரு கதிரை வைத்திருந்தார்.

"மாமா, இது ஆருக்கு?"

"சூசையப்பருக்கு."

"அவருக்கு ஏன் மாமா கதிரை?"

"அவர் தச்சர் எல்லே, பிள்ளை!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கடை கதிரையைப் படமெடுக்க வாற ஆராய்ச்சிக்காரர், போகேக்கை மாம்பழமும் வாங்கிக்கொண்டெல்லே போகினம். நாங்கள் மட்டும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

நிருபாவுக்குத் தலை சுற்றியது. இதை எழுதினால் அத்தியாயமே கவிழ்ந்துவிடும். மறுபடியும் ஜிஸ்லேனிடம் ஓடினாள்.

"அந்த இரண்டு கட்டுரைகளும் 2010இல் வந்த ஒரே கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகின்றன" என்றார் ஜிஸ்லேன். "அது இணையத்தில் இல்லை. கொஞ்சம் பொறு."

தன் மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொரு நூலகத்துத் தோழியிடம் கேட்டு அதை வரவழைத்துத் தந்தார். கட்டுரைகளைப் பூட்டி வைக்கும் உலகத்தில், திறந்துவிட இப்படி யாரையாவது கடவுள் அனுப்பத்தான் செய்கிறார்.

'இக்கதிரை கடவுளுக்கு உரியது. மனிதர் அமர்ந்தால் அது தாங்காது' என்றது கட்டுரை. அடிக்குறிப்பில், 'காய்கறிக் கடைக்காரர் இ. இராஜதுரையுடன் நேர்காணல், லா சப்பல், 2009' என்றிருந்தது.

அப்பாவேதான்!

விருந்தாளியை எழுப்பிவிட்டுச் சாமியைப் பழையபடி இருத்தி, அத்தியாயத்தை அனுப்பினாள். "மிகச் சிறந்த ஆதாரம். ஏற்றுக்கொள்கிறேன்" என்று பேராசிரியை உடனே பதில் எழுதினார். அப்பா சொன்னால் ஆதாரமில்லை. அப்பா சொன்னதாக ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் ஆதாரம்.

கட்டுரையோடு கடைக்கு ஓடினாள். அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தார். தொடக்கத்திலிருந்து அங்கே வேலை செய்யும் அரியரத்தினம்தான் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் முருங்கைக்காய் தராசிலிருந்து சரிந்தது.

"ஏன் மாமா சிரிக்கிறியள்? எழுதினவர் இப்ப பெரிய புரொபெசராம்."

"புரொபெசரோ! அப்ப அவன் நல்ல கொழுத்த பொடியன், பிள்ளை. கேள்வி கேக்கவெண்டு வந்து, இந்தக் கதிரையிலை இருந்தான். படாரெண்டு கால் முறிஞ்சு ஆள் நிலத்திலை. சனமெல்லாம் பாக்க, அழுறமாதிரி முகம் சிவந்துபோச்சு. உன்ரை அப்பாதான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, 'உம்மிலை பிழையில்லைத் தம்பி, அது மனுசர் இருக்கிற கதிரை இல்லை, சாமிக்கு' எண்டு சொன்னவர். அவன் எப்பவாவது திரும்பி வந்தால் வெக்கப்படக் கூடாதெண்டு, இண்டைக்கும் அதை உருளைக்கிழங்கு மூட்டையிலை முண்டு குடுத்து வைச்சிருக்கிறார்!"